மூக்கு போதும், நாக்கு வேண்டாம்

பிப்ரவரி 9

ரொட்டிக்காரருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் படுக்கப் போகும்போது நான் எழுந்திருக்கிறேன். இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் அரைத் தூக்கத்தில்தான் பேசுகிறார். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நான் கத்தினாலும் உங்கள் அறைத் தோழர்கள் காதில் விழாது.

கீழே நம் பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர்க்காரர் கடை போட்டுவிட்டார். மேலே வீட்டைச் சுவர் சுவராகத் துடைத்தேன். சல்லடை, பலகை, உருட்டுக்கட்டை, மாவு படிந்த மேசை எல்லாம் வெளியே போயின. நீங்களும் போனீர்கள். அந்த வரிசையில் உங்களையும் சேர்த்து எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் கோபம் போகவில்லை. "கழுவிட்டேன், கழுவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மாவுக் கையோடு என் டம்ளரைத் தொட்டவர் நீங்கள்.

நேற்று டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். நீங்கள் கூட இருந்தபோதெல்லாம் அவர் பேச, நீங்கள் குறுக்கே பேச, நான் ஒன்றும் கேட்டதில்லை. "தோல்னா வெளியில இருக்கிறது மட்டும் இல்லம்மா. அதே குடும்பம்தான் உள்ளேயும் விரிச்சிருக்கு. வாய், தொண்டை, மூச்சுக்குழாய், குடல், எல்லாத்துக்கும் உள்பக்கம் எபிதீலியம்தான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, இடைவெளி விடாம உட்கார்ந்திருக்கிற செல்லுங்க. எதை உள்ள விடணும், எதை விடக்கூடாதுன்னு பார்க்கிறதுதான் அதுங்க வேலை" என்றார். மூச்சுக்குழாயில் அது தூசியைப் பெருக்கித் தள்ளுமாம். குடலில் சத்தை உறிஞ்சுமாம். ஓயாமல் பழசு உதிர்ந்து புதுசு வருவதால், புற்றுநோயில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்குமாம். மனிதனுக்கு வரும் வியாதியில் பாதி எல்லைத் தகராறுதான் போல.

நான் தையல்காரி, லைனிங் என்றால் எனக்குப் புரியாதா. நல்ல குடலின் உள்பக்கம் புதுத் துவாலை மாதிரி விரல் விரலாக நிற்குமாம். கோதுமையில் இருக்கும் புரதம் பட்டதும் என் உடம்பே அந்த விரல்களைத் தாக்கி வீழ்த்திவிடுகிறது. என்னுடையது இஸ்திரி போட்டது போலத் தட்டையாக இருக்கிறது. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாததற்கு அதுதான் காரணம். ஒரு வருடமாகக் கோதுமையில் செய்த எதையும் சாப்பிடவில்லை, இன்னும் நிமிரவில்லை. வீட்டில் பறந்த மாவைத் தவிர வேறு எதைச் சொல்வது?

ஒன்று மட்டும் போகவில்லை. தாய்மாவு ஜாடி. கடை திறந்த அன்று நீங்கள் கரைத்து வைத்து, தினம் கொஞ்சம் எடுத்து ரொட்டிக்குப் போட்டு, எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் சேர்த்து உயிரோடு வைத்திருந்த அதே புளித்த மாவு. "தூக்கி எறிஞ்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கை வரவில்லை. பின்பக்கப் பால்கனியில் மூடிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் திறக்கிறேன். எவ்வளவு தீனி போட வேண்டும், புளித்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எழுதுங்கள்.

தையல்காரி


பிப்ரவரி 21

தையல்காரிக்கு,

ஜாடி உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேல் கட்டிலில் தலை இடித்தது. மேல் கட்டில்காரர் கண்ணைத் திறக்காமலே "யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "இல்லை, பிழைச்சிருக்கு" என்றேன். இந்த அறையில் ஆறு கட்டில்கள். பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் விழித்தாலும் ராத்திரியாகவே இருக்கிறது.

இங்கே ஆலையில் ரொட்டியை யாரும் கையால் தொடுவதில்லை. மாவு குழாயில் வருகிறது, ஈஸ்ட் மூட்டையில் வருகிறது. நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திரையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கிறேன். கோடு சிவப்பானால் பொத்தானை அழுத்த வேண்டும். வந்ததிலிருந்து நான் ஒரு ரொட்டியைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை என்றால் நம்புவாயா?

தீனி இப்படி: காலையில் ஒரு கை மாவு, அதே அளவு தண்ணீர். வெயில் ஏறினால் சாயங்காலம் இன்னொரு முறை. புளிப்பு சரியாக இருக்கிறதா என்று நான் ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் துப்புவேன், உனக்குத் தெரியும். நீ அதைச் செய்யாதே. மூக்கு போதும், நாக்கு வேண்டாம். பழ வாசனை வந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நகப்பூச்சு வாசனை வந்தால் பசியில் கிடக்கிறது.

டம்ளர் விஷயம் உண்மைதான். அன்று நான் கழுவவில்லை. கழுவினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரொட்டி


ஏப்ரல் 19

ரொட்டிக்காரருக்கு,

நீங்கள் வந்துபோனதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியில் மாவு ஒட்டி வரக் கூடாதென்று தலையை மொட்டையடித்துக்கொண்டு, பஸ் நிலையத்தில் வாங்கிய புதுச் சட்டையோடு வாசலில் நின்றீர்கள். சட்டைக் காலரில் அட்டைகூட எடுக்கவில்லை. நான் உள்ளே வரச் சொல்வதற்கு முன்னால் "குளிச்சீங்களா?" என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்கவும் என்னால் முடியாது. என் பயம் உங்களுக்குப் புரியவில்லை.

குளித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தீர்கள். என் தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுக்கக் கை நீட்டினீர்கள். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். வேண்டுமென்று நகரவில்லை, உடம்பு தானாக நகர்ந்தது. நீங்கள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டீர்கள். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டீர்கள். ராத்திரிக்கும் சேர்த்துச் சமைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் வயிறு கெட்டுவிட்டது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். வேறு யார் வந்தார்கள் இந்த வீட்டுக்கு?

தையல்காரி


மே 4

தையல்காரிக்கு,

சரி. இனி வரவில்லை.

இங்கே அடுப்புக் கதவைத் துடைக்கும்போது முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. கொப்புளம் வந்து, உடைந்து, அதன் கீழே ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவே வந்தது. திரையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வந்தது. குடலின் உள்தோல் வெளித்தோலைவிட வேகமாக மாறும் என்று டாக்டரம்மா எனக்கும் சொல்லியிருக்கிறார், நான்கைந்து நாளில் பழசு போய்ப் புதுசு வந்துவிடுமாம். அப்படியானால் உன் குடலும் தினம் தினம் நிமிரத்தான் பார்க்கிறது. யாரோ தினம் தினம் அதைத் தட்டிவிடுகிறார்கள். நான்தான் என்று சொன்னாய், ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். நான் போனபிறகும் யார் தட்டுகிறார்கள்? வருடத்தில் ஒரு நாள் வந்துபோனவனா?

சண்டைக்காகக் கேட்கவில்லை. நீ சாப்பிடுவதையெல்லாம் மறுபடி ஒருமுறை பார். அரிசி வாங்கும் கடையில் கோதுமையும் அதே கரண்டியால் அள்ளுகிறார்களா பார்.

கூட வேலை செய்பவர்கள் என்னை இப்போது மொட்டை என்று கூப்பிடுகிறார்கள். முடி முளைக்க ஆரம்பித்த பிறகும் அதே பெயர்தான்.

ரொட்டி


ஜூன் 23

ரொட்டிக்காரருக்கு,

மறுபடி வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். அப்படியே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் நோயின் அளவு குறையவில்லை.

மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக வரக் கூடாது என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். யாரைக் கூப்பிடுவது? கீழ்க்கடை செல்போன்காரர் வந்தார். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு வெளியே உட்கார்ந்திருந்தார், பாவம். மயக்கம் தெளிந்தபோது நான் அவரைப் பார்த்து "மாவு போட்டாச்சா?" என்று கேட்டேனாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "எங்கிருந்தோ கோதுமை உள்ள போகுது. அப்படி இல்லைன்னா, இது மருந்துக்கும் பத்தியத்துக்கும் அடங்காத வகை. அந்த வகையில சில பேருக்குப் புற்றுநோய் வரைக்கும் போயிருக்கு" என்றார். மாத்திரை, உதட்டுச்சாயம், பற்பசை வரை கேட்டார். எதிலும் இல்லை. அடுத்த மாதம் பெரிய பரிசோதனை, அதற்குப் பிறகு உடம்பின் எதிர்ப்பு சக்தியையே அடக்கும் மருந்து. பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன், நீங்கள்தான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தாலும்.

அரிசிக் கடையில் போய்ப் பார்த்தேன். தனிக் கரண்டிதான்.

இந்த வீட்டில் நன்றாக இருப்பது ஜாடி ஒன்றுதான். மழை வந்த பிறகு ருசி மாறியிருக்கிறது. முதலில் லேசாக இனித்து, பிறகு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று இழுக்கிறது. தண்ணீரைக் குறைக்கவா?

தையல்காரி


ஜூன் 28

ருசி உனக்கு எப்படித் தெரியும்?

முதலில் இனிக்கிறது, பிறகு ஓரத்தில் இழுக்கிறது என்று மூக்கு சொல்லாது. பேக்கரிக்காரனிடம் போய் எழுதுகிறாயே. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மேல் கட்டில்காரரை எழுப்பி அவரையும் படிக்கச் சொன்னேன்.

தினம் வைக்கிறாயா? காலையும் சாயங்காலமுமா?

இதைப் படித்து முடித்ததும் பால்கனிக்குப் போ. ஜாடியோடு எடுத்து எறி. கழுவி வைக்கலாம் என்று நினைக்காதே. பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல். வெட்கப்படாதே. பெரிய மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்.


ஜூலை 6

ரொட்டிக்காரருக்கு,

முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. என்னை ஏன் திருடியைப் பிடிப்பது போலப் பிடிக்கிறீர்கள்? சுண்டைக்காய் அளவு. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன். துப்பினால் அது சாப்பிட்டதாகுமா? நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள், உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கும் வந்தது. காலையில் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலையாகத்தான் செய்தேன். அதை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா என்று கடிதம் எழுத ஆரம்பித்தேன். கிழித்துவிட்டேன்.

எல்லா நாளும் துப்பவில்லை.

ஜாடி கீழே கடையில் இருந்தவரைக்கும் அதைத் தொட்டதில்லை. ஆனால் நோய் என்று தெரிந்து நீங்கள் பாதி நாள் கடையை மூட ஆரம்பித்ததிலிருந்து ஜாடி மேலே நம் ஃபிரிட்ஜில் இருந்தது, நீங்கள் ஊருக்குப் போன நாட்களில் நான்தான் தீனி போட்டேன். அப்போதே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் ஒரேயடியாகப் போன பிறகு தினமும். எனக்குப் பசித்தது. சோற்றுப் பசி இல்லை. இத்தனை வருடம் ரொட்டி வாசனையில் எழுந்து, அடுப்புச் சூட்டிலேயே ஈரத் துணி காயப்போட்டு வாழ்ந்தவளுக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றுபோனது. உங்கள் சட்டையில் அந்த வாசனை வரும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது, எனக்குக் கிடைக்காததைப் போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று. உங்களைப் போகச் சொன்னேன். போனபின் அந்த வாசனை எங்கே இருந்ததோ அங்கே போய் நின்றேன். சிரிக்காதீர்கள்.

எறிந்துவிட்டேன். எறிவதிலும் என் புத்தியைக் காட்டினேன். பால்கனித் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டேன். அது குழாய்க்குள் போய் உப்பி, கீழ்க்கடை வரை அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து கம்பியை விட்டு இழுத்தார். நீளமாக, நுரையோடு வந்துகொண்டே இருந்தது. "என்னம்மா வளர்த்தீங்க உள்ள?" என்றார். செல்போன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "குடல் கெட அவ்வளவு போதும்மா, தாராளமா போதும்" என்றார். பெரிய மருந்தை நிறுத்தி வைத்திருக்கிறார். சட்டையில் இருக்கும் மாவு பற்றிக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றிக் கை கழுவினால் போதுமாம். வாய்க்குள் போவதுதான் கணக்காம்.

அப்படியென்றால் உங்களை எதற்குத் துரத்தினேன்?


ஜூலை 22

தையல்காரிக்கு,

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். ஆறவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

அடுப்பைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனபோது நான் தெருமுனை வரை பின்னால் நடந்தேன். நீ மேலே ஜன்னலைச் சாத்திக்கொண்டாய், தூசி வரும் என்று. இங்கே இருட்டு அறையில் ஆறு பேர் மூச்சுக்கு நடுவில் படுத்துக்கொண்டு, நான் ஒருத்தியின் குடலைக் கெடுத்தவன் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். குளியலறையில் இமையைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினேன், கண் எரிந்தது. இதெல்லாம் ஒரு சுண்டைக்காய் மாவுக்கு.

நான் மட்டும் யோக்கியனா? வீட்டில் கோதுமை மாவு வைத்துக்கொள்ளாதே என்று பிப்ரவரியிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். ஜாடி உயிரோடு இருக்கிறது என்ற சந்தோஷத்தில் தீனிக் கணக்கு எழுதி அனுப்பினேன். உனக்கு நோய் என்று தெரிந்தும், உன் கையில் மாவைக் கொடுத்துவிட்டு நாக்கு வேண்டாம் என்று புத்தி சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கொஞ்ச நாளைக்கு என்னால் எழுத முடியாது.


செப்டம்பர் 15

ரொட்டிக்காரருக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போது கை நடுங்குவதில்லை. குளிர்காலத்துக்கு முன்பே கோட்டுகளும் ஜாக்கெட்டுகளும் வர ஆரம்பித்துவிட்டன, எல்லாம் லைனிங் கிழிந்தவை. வெளித்துணி புதுசாக இருக்கும், உள்ளே நைந்திருக்கும். கொண்டுவருபவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

அங்கே ராத்திரியில் குளிரும். கழுத்துவரை ஸ்வெட்டர் போடுங்கள்.


நவம்பர் 17

ரொட்டிக்காரருக்கு,

நிமிர்ந்துவிட்டது. முழுதும் இல்லை, பாதிக்கு மேல். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். ரோஸ் நிறத்தில், குட்டை குட்டையாக, விரல்கள். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா. நீங்க சும்மா இருந்தீங்க, அது தானா வந்திருக்கு" என்றார். இன்னும் ஒரு வருடமாவது ஆகுமாம் முழுதாக வர. கெட்ட வகை இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

செல்போன்காரர்தான் இந்த முறையும் கூட வந்தார். அவரிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றார். அவர் நல்ல மனிதர், ஆனால் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்கு வந்து சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சுவர் காலியாக இருப்பதால் குரல் பெரிதாகக் கேட்டது. சந்தோஷமான செய்திக்குத்தான் ஆள் அதிகம் தேவைப்படுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. பயத்தையாவது தனியாகச் சுமந்துவிடலாம்.

நன்றாகச் சாப்பிடுங்கள். தூங்குங்கள்.

தையல்காரி


நவம்பர் 26

தையல்காரிக்கு,

வேலை நேரத்தில் கடிதத்தைப் பிரித்தேன். கோடு சிவப்பாகியும் பார்க்கவில்லை. ஒரு வரிசை ரொட்டி முழுதும் கரியாகிவிட்டது. மேற்பார்வையாளர் திட்ட வந்தார். "என் மனைவிக்குக் குடல் வந்துடுச்சு சார்" என்றேன். அவர் திட்டாமல் போய்விட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

ஷிஃப்ட் முடிந்ததும் உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து படித்தேன். சாப்பிடுங்கள் என்று இருக்கிறது, தூங்குங்கள், ஸ்வெட்டர் போடுங்கள் என்று இருக்கிறது. வாருங்கள் என்று எதிலும் இல்லை. உடை மாற்றிக் கை கழுவினால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதை ஜூலையில் எழுதினாய். அதற்கு அடுத்த வரியில் அந்த வார்த்தையைத் தேடினேன்.

நீ எழுத மறந்திருக்கலாம். எழுத விரும்பாமலும் இருக்கலாம். தனியாக இருந்து பழகிவிட்டால் அதுவும் ஒரு சௌகரியம்தான், எனக்குத் தெரியும், எனக்கே கொஞ்சம் பழகிவிட்டது. அப்படி இருந்தால் நேராகச் சொல்லிவிடு. நீ கூப்பிடாமல் நான் இன்னொரு முறை அந்த வாசலில் வந்து நிற்க மாட்டேன். ஒருமுறை நின்றது போதும்.

ரொட்டி


டிசம்பர் 3

உங்களுக்கு,

நீங்கள் தேடிய வார்த்தையை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதினால் மறுபடியும் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும். போகச் சொன்னது நான், ஏற வேண்டியதும் நான்தான்.

ரொட்டி ஆலை கேட்டில் நிற்கிறேன். உள்ளே காற்றெல்லாம் மாவு, எனக்கு ஆகாது; வெளியாளை விடவும் முடியாது என்கிறார் வாட்ச்மேன். சீட்டு எழுதித் தந்தால் கொடுத்தனுப்புவதாகச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார், உங்கள் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. மொட்டை என்றதும் தெரிந்துவிட்டது.

ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்கலாம் என்றுதான் வந்தேன். வந்த பிறகு முடியவில்லை. வேலைச் சட்டையை மாற்ற வேண்டாம். அப்படியே வெளியே வாங்க.